எண்ணெய்க் கசிவின் கணக்கில் வந்த மீன்

லாசியோக்னாதஸ் டினெமா என்ற தூண்டில் மீன் அறிவியல் ஏட்டில் ஏறிய ஆண்டு 2015. அந்தப் பதிவுக்கு ஆதாரம் மூன்றே மூன்று மீன்கள். மிகச் சிறியது 3 சென்டிமீட்டர், பெரியது ஒன்பதரை. மூன்றும் பெண். மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில், 1,000 மீட்டருக்கும் 1,500 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில், சூரிய ஒளி எட்டவே எட்டாத நீரில் அகப்பட்டவை.

உள்ளங்கையில் அடங்கும் இந்த மீனின் தலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். முதுகுத் துடுப்பின் முதல் முள் முன்னே நகர்ந்து வந்து தூண்டிலாகிவிட்டது. ஆழ்கடல் தூண்டில் மீன்களில் பெரும்பாலான பெண்களுக்கு இது பொது. ஆனால் லாசியோக்னாதஸ் பேரினத்தில் மீனவர் கையில் இருக்கும் எல்லாமே உண்டு: நீண்ட கழி, அதன் நுனியில் நரம்பு, நரம்பின் முனையில் இரைக்குமிழ், அதன் மேல் கொக்கிகள். கழி தலையின் மேல் உள்ள பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும். குமிழுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் வெளிச்சம் தருகின்றன. கீழ்த்தாடையைத் தாண்டி நீண்டு நிற்கும் மேல்தாடையில் வரிசையாக நீளப் பற்கள். இருட்டில் ஒளியைத் தேடி வரும் சிறு உயிர்களுக்குப் பொறி தயாராக இருக்கிறது. நான் வாசித்த எந்தக் கற்பனைக் கதையிலும் இவ்வளவு துல்லியமான ஒரு வேட்டைக்காரியைப் பார்த்ததில்லை.

பல ஆழ்கடல் தூண்டில் மீன் இனங்களைப் பற்றி மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருசில உடல்களிலிருந்து வந்தது. முதல் இனம் 1837இல் விவரிக்கப்பட்டது. கிரீன்லாந்துக் கரையில் சிதைந்து ஒதுங்கிய ஓர் உடலை வைத்து டென்மார்க்கைச் சேர்ந்த ரெய்ன்ஹார்ட் எழுதினார். அதற்குப் பிறகு கப்பல்கள் ஆழத்துக்கு வலை இறக்க ஆரம்பித்தபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. டென்மார்க்கின் 'டானா' கப்பல் அள்ளி வந்த மீன்களை லண்டனில் ஆராய்ந்த சார்லஸ் டேட் ரீகன், 1925இல் லாசியோக்னாதஸ் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அதே ஆண்டில் இன்னொரு புதிரையும் அவர் அவிழ்த்தார். பெரிய பெண் மீனின் உடலில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி மீன்களை ஐஸ்லாந்தின் சேமுண்ட்சன் 1922இல் பார்த்து, அவற்றைக் குஞ்சுகள் என்று கருதியிருந்தார். அப்படிப்பட்ட ஒன்றை ரீகன் அறுத்துப் பார்த்தார். அது ஆண். பெண்ணின் தோலோடு தோலாக, இரத்தத்தோடு இரத்தமாகக் கலந்து, வாழ்நாள் முழுவதும் அவளிடமிருந்தே உணவு பெறும் ஆண். எல்லாத் தூண்டில் மீன்களும் இப்படி இணைவதில்லை. சிலவற்றில் ஆண் சிறிது நேரம் பற்றியிருந்து பிரிந்துவிடும்.

1925க்குப் பிறகு லாசியோக்னாதஸ் பேரினம் மெல்லத்தான் வளர்ந்தது. 1932இல் ரீகனும் எத்தல்வின் ட்ரெவாவஸும் இன்னோர் இனத்தைச் சேர்த்தார்கள். 1975இல் ஒன்று. 1996இல் டென்மார்க்கின் பெர்டெல்சனும் அமெரிக்காவின் தியடோர் பீட்சும் சேர்ந்து இந்தப் பேரினம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தபோது ஒன்று. 2005இல் பீட்ச் தனியாக இன்னொன்று. ரீகனின் முதல் இனத்தையும் சேர்த்தால், எண்பது ஆண்டுகளில் ஐந்து இனங்கள். ஆறாவது வந்த விதம் வேறு.

2010 ஏப்ரல் 20 அன்று லூசியானா கரைக்கு அப்பால் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய் துளைமேடை வெடித்தது. பதினோரு தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கடலடியில் இருந்த கிணற்றின் வாய் 87 நாட்கள் திறந்தே கிடந்தது. கரையில் எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்களை உலகமே பார்த்தது. படத்தில் வராத ஒரு சேதம் அடியில் நடந்துகொண்டிருந்தது. வெளியேறிய எண்ணெயும் வாயுவும் முழுவதும் மேலே மிதந்து வரவில்லை. ஒரு பகுதி நடு ஆழத்திலேயே தங்கிப் படர்ந்தது. அந்த ஜூனில் ஆய்வாளர்கள் அளந்த ஒரு படலம் சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில், 35 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடந்தது. டினெமா வாழும் அதே நீரடுக்கு.

அமெரிக்காவில் 1990இல் வந்த எண்ணெய் மாசுச் சட்டத்தின்படி, கசியவிட்டவர் இயற்கைக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட வேண்டும். இழப்பைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். வளைகுடாவின் திறந்த ஆழ்நீரைப் பற்றி அப்படியொரு முழுமையான முன்கணக்கு கையில் இல்லை. ஆகவே வெடிப்புக்குப் பிறகு கப்பல்கள் கிளம்பின. குறிப்பிட்ட ஆழத்தில் திறந்து குறிப்பிட்ட ஆழத்தில் மூடிக்கொள்ளும் வலைகளை இறக்கினார்கள். அப்போதுதான் எந்த உயிர் எந்த ஆழத்தது என்று சொல்ல முடியும். பகலிலும் இரவிலும், இடம் மாற்றி மாற்றி இழுத்தார்கள். வந்ததை மேசையில் கொட்டி இறால் தனி, கணவாய் தனி, மீன் தனி என்று பிரித்து, அளந்து, ஃபார்மலினில் போட்டுப் புட்டிகளில் அடைத்தார்கள். சேதக் கணக்குக்காக அடுக்கப்பட்ட அந்தப் புட்டிகளில்தான் நம் மூன்று மீன்களும் இருந்தன.

புட்டியில் இருக்கும் மீன் உடனே புதிய இனமாகிவிடாது. இந்த வேலையின் பெரும்பகுதி பொறுமையான ஒப்பீடு. புளோரிடாவின் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டிரேசி சட்டனும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பீட்சும் அதைச் செய்தார்கள். உடல் நீளம், தாடை நீளம், பற்களின் எண்ணிக்கை, துடுப்புக் கதிர்கள் எல்லாம் அளக்கப்படும். கடைசித் தீர்ப்பை எழுதுவது இரைக்குமிழ். தூண்டில் மீன்களில் இனத்துக்கு இனம் மாறுவது அந்தக் குமிழின் அமைப்புதான்: அதில் எத்தனை இழைகள், எங்கிருந்து கிளம்புகின்றன, எவ்வளவு நீளம், எங்கே நிறமி என்பதெல்லாம். ஆழத்திலிருந்து இழுத்து வரும் வலையில் தோல் உரிந்துபோகும், இழை அறுந்துபோகும். மில்லிமீட்டர் அளவில் இருக்கும் ஒரு நூல் அறுந்ததா, இயல்பிலேயே இல்லையா என்று நுண்ணோக்கியில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதற்கு மற்ற ஐந்து இனங்களையும் விரல்நுனியில் வைத்திருப்பவர் தேவை. பீட்ச் தன் வாழ்நாளையே இந்த மீன்களுக்குக் கொடுத்தவர்.

இந்த மூன்று மீன்களிலும் கொக்கிகளின் அடியில் நூல் போன்ற இரண்டு நீட்சிகள் இருந்தன. அந்த அமைப்பு முன்பு அறிந்த ஐந்தில் எதிலும் இல்லை. இரண்டு நூல்களைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து டினெமா என்று பெயரிட்டார்கள். ஒரு மீனை மூல மாதிரியாகக் குறித்து, வரைபடத்தோடும் அளவுகளோடும் 'கோபியா' ஆய்விதழில் 2015இல் வெளியிட்டார்கள். அன்றுதான் அது அதிகாரபூர்வமாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு, உலகின் சிறந்த பத்துப் புதிய இனங்கள் என்று நியூயார்க் மாநிலத்திலுள்ள ஒரு நிறுவனம் வெளியிட்ட பட்டியலிலும் இடம்பிடித்தது.

அந்தப் பட்டியல் வந்த அதே 2016இல் அந்த எண்ணெய்க் கிணற்றுக்குப் பொறுப்பான பி.பி. நிறுவனத்தோடு போட்ட உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. இயற்கை வள இழப்புக்கு மட்டும் 880 கோடி டாலர் வரை. அதில் 70 கோடி டாலர் வரை, அதுவரை தெரியவராத சேதங்களுக்காகவும் ஒதுக்கப்பட்டது. என் மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. என்னவென்றே தெரியாத இழப்புக்கும் ஒரு விலை எழுத வேண்டியிருந்தது. 2010 கோடையில் அந்த 1,100 மீட்டர் ஆழத்தில் எத்தனை டினெமாக்கள் செத்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்று அதற்குப் பெயர்கூட இல்லை. பெயரில்லாததை இறந்தோர் பட்டியலில் சேர்க்க வழியில்லை.

அந்தக் கப்பல்களும் வலைகளும் அறிஞர்களும் வெடிப்புக்கு முன்பும் கிடைக்கக்கூடியவைதான். செலவழிக்கத்தான் யாரும் இல்லை. ஆழ்கடலில் துளையிட உரிமம் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும், மேற்பரப்பிலிருந்து கிணற்று வாய் வரை உள்ள நீரில் வாழும் உயிர்களைத் தன் செலவில் கணக்கெடுத்து, அதை மக்கள் முன் வைத்த பிறகே துளைக் கருவியை இறக்க வேண்டும். உரிமம் தரும் அரசுகள் இதை நிபந்தனையாக எழுத வேண்டும்.