அடிக்கடி கைதவறுதா, கிளட்ச் - கியர் குழப்புதா? டிஸ்பிராக்ஸியாவா இருக்கலாம்... பெரியவங்க கண்டறிவது எப்படி?

டம்ளரைக் கையில எடுத்தா பாதி தண்ணி தரையில. நண்பர்கள் ஒரே வாரத்துல பைக் ஓட்டக் கத்துக்கிட்டாங்க, நீங்க ஒரு வருஷமா கிளட்ச்சோட மல்லுக்கட்டுறீங்க. கதவுல, மேஜை முனையில இடிச்சு கால்ல ஊமைக்காயம், எப்போ பட்டதுன்னே தெரியாது. ஸ்கூல்ல 'கோழி கிளறின மாதிரி கையெழுத்து', வீட்ல 'ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியுதா?', ஆபீஸ்ல 'கொஞ்சம் கவனமா இருங்க பாஸ்'.

வருஷக்கணக்கா இதையே கேட்டா, 'நமக்குத்தான் பொறுப்பில்ல போல'ன்னு நாமளே நம்ப ஆரம்பிச்சிடுவோம். ஆனா, சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்னா, அதுக்கு மருத்துவத்துல ஒரு பேர் இருக்கு: டிஸ்பிராக்ஸியா. 25, 30 வயசுக்கு மேலயும் இதைக் கண்டறிய முடியும். அது எப்படின்னு பார்ப்போம்.

டிஸ்பிராக்ஸியான்னா என்ன?

மருத்துவர்கள் இதை 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர்', சுருக்கமா டி.சி.டி-ன்னு சொல்வாங்க. தசையில பலவீனம் கிடையாது. அறிவுலயும் குறை கிடையாது. ஒரு அசைவை மூளை திட்டமிட்டு, சரியான வரிசையில உடம்பை இயக்குறதுல வர்ற சிக்கல் இது. மத்தவங்களுக்குப் பழகப் பழகத் தானா வர்ற வேலை, இவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் யோசிச்சுச் செய்ய வேண்டிய வேலையா இருக்கும். சாயங்காலம் ஆனா அவ்வளவு அசதி வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

5 முதல் 11 வயசுக் குழந்தைகள்ல 5 முதல் 6 சதவிகிதம் பேருக்கு இது இருக்குன்னு மதிப்பிடுறாங்க. பலருக்கு வளர்ந்த பிறகும் தொடருது. 'ஹாரி பாட்டர்' நடிகர் டேனியல் ராட்க்ளிஃப், தனக்கு லேசான டிஸ்பிராக்ஸியா இருக்குன்னு வெளிப்படையா சொன்னவர்.

பெரியவங்ககிட்ட எப்படி வெளிப்படும்?

* ஷூ லேஸ், சட்டை பட்டன், புடவைக் கொசுவம்... எல்லாத்துக்கும் அதிக நேரம் ஆகும்.
* வண்டி ஓட்டும்போது கிளட்ச், கியர், பிரேக்கை ஒரே நேரத்துல சமாளிக்க முடியாது.
* காய் நறுக்குறது, தோசை திருப்புறது ஒரு போராட்டம்.
* வேகமா எழுதினா, எழுதினவங்களுக்கே படிக்கத் தெரியாது.
* இடது, வலது குழப்பம். பந்தைப் பிடிக்கிறதும் டான்ஸ் ஸ்டெப் போடுறதும் கஷ்டம்.
* வேலைகளை வரிசைப்படுத்துறது, நேரத்தைக் கணிக்கிறது பலருக்குச் சிக்கல்.

இதுல ரெண்டு மூணு எல்லாருக்கும்தான் இருக்கும். அது சின்ன வயசுல இருந்தே தொடருதா, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்குதா என்பதுதான் கேள்வி.

முதல்ல ஒரு எச்சரிக்கை!

நேத்து வரைக்கும் நல்லா இருந்துட்டு, இப்போ திடீர்னு கைதவறுது, நடை தள்ளாடுது, கை நடுங்குதுன்னா அது டிஸ்பிராக்ஸியா இல்ல. நேரா நரம்பியல் மருத்துவரைப் பாருங்க. ஒரு பக்கம் கை, கால் இழுக்குது, பேச்சு குளறுதுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எமர்ஜென்சிக்குப் போங்க.

டாக்டர்கள் எதைப் பார்ப்பாங்க?

ரத்தப் பரிசோதனையிலயோ ஸ்கேன்லயோ டிஸ்பிராக்ஸியா தெரியாது. உலக அளவுல பயன்படும் டி.எஸ்.எம்-5 கையேடு நாலு நிபந்தனைகள் சொல்லுது.

1. உங்க வயசுக்கும், கிடைச்ச பயிற்சிக்கும் எதிர்பார்க்குற அளவைவிட உடல் ஒருங்கிணைப்பு ரொம்பக் குறைவா இருக்கணும்.
2. அது படிப்பு, வேலை, அன்றாட வாழ்க்கையைத் தொடர்ந்து பாதிக்கணும்.
3. சின்ன வயசுலேயே ஆரம்பிச்சிருக்கணும்.
4. பார்வைக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, நரம்பு நோய் போன்ற வேற காரணம் இருக்கக் கூடாது.

நாலாவதை உறுதிப்படுத்த நரம்பியல் மருத்துவர் தேவை. மத்ததுக்கு மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கூடவே அசைவுத் திறனைச் சோதிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நம்ம ஊர்ல இந்தச் சேவை பெரும்பாலும் குழந்தைகளைச் சுத்தியே இருக்கு. அதனால அப்பாயின்மென்ட் வாங்கும்போதே, 'பெரியவங்களுக்கு டி.சி.டி பரிசோதனை செய்வீங்களா, எழுத்துபூர்வமா ரிப்போர்ட் தருவீங்களா?'ன்னு கேட்டுடுங்க. அலைச்சலும் காசும் மிச்சம்.

பெரியவங்களுக்குன்னே உருவான 40 கேள்விகள் கொண்ட 'ஏ.டி.சி' கேள்வித்தாள் 2010-ல வெளியானது. அது சந்தேகத்தை உறுதியாக்க உதவும், அவ்வளவுதான். அதை வெச்சு மட்டும் முடிவுக்கு வர முடியாது. ஏ.டி.ஹெச்.டி-யும் சேர்ந்து இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால, அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

அம்மாகிட்ட ஆரம்பிங்க!

பெரியவங்க தடுமாறுற இடம் மூணாவது நிபந்தனைதான். 'ஆறு வயசுல எப்படி இருந்தீங்க?'ன்னு கேட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால, டாக்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடி ஒருநாள் அம்மாவோட உட்காருங்க. எப்போ நடந்தேன், எப்போ சைக்கிள் ஓட்டினேன், எத்தனை வயசு வரைக்கும் சோறு ஊட்டிவிட்டீங்கன்னு கேட்டு எழுதிக்கோங்க. அம்மா இல்லைன்னா அத்தை, அண்ணன், பழைய டீச்சர், யார்கிட்ட வேணும்னாலும் கேட்கலாம்.

பரண்ல இருக்குற பழைய ரேங்க் கார்டு, நோட்டுப் புத்தகத்தை எடுங்க. 'கையெழுத்தைத் திருத்தவும்'னு டீச்சர் சிவப்பு மையில எழுதினது அன்னிக்கு அவமானம். இன்னிக்கு அது ஆதாரம்.

சர்டிஃபிகேட் கிடைக்குமா?

இங்கே ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். டாக்டர் தர்ற டயக்னோசிஸ் ரிப்போர்ட் வேற, அரசு தர்ற மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேற.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்ற பிரிவுல டிஸ்லெக்ஸியாவோட டிஸ்பிராக்ஸியா பெயரையும் சேர்த்திருக்கு. ஆனா, அந்தப் பிரிவுக்கான பரிசோதனைகள் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளோட வாசிப்பு, எழுத்து, கணக்கை அளக்குறவை. கைதவறுறதையும் தடுமாறுறதையும் அதுல அளக்குறது கஷ்டம். அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவிகிதக் குறைபாடு இருக்கணும் என்பதால, இதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீங்க.

அதுக்காக ரிப்போர்ட் வீண் இல்ல. கை எழுத வராத ஒருத்தர் யு.பி.எஸ்.சி தேர்வுல உதவியாளர் கேட்டுத் தொடுத்த வழக்குல, 40 சதவிகிதம் இல்லைங்கிறதுக்காக அந்த வசதியை மறுக்கக் கூடாதுன்னு 2021 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. தேர்வு எழுதப் போறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பேர் தெரிஞ்ச பிறகு?

இதுக்கு மாத்திரை கிடையாது. ஆக்குபேஷனல் தெரபியில, உங்களுக்குத் தேவையான வேலையைச் சின்னச் சின்னப் படியா பிரிச்சுப் பழக்குவாங்க. மத்ததுக்கு வழியை மாத்திக்கலாம். கியர் பைக் வரலைன்னா கியர் இல்லாத ஸ்கூட்டர். எழுத வரலைன்னா டைப்பிங், வாய்ஸ் நோட். டம்ளர் வேண்டாம், மூடி போட்ட பாட்டில். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயமில்ல. 'வாயால சொன்னா மறந்துடுவேன், மெயில்ல அனுப்புங்க'ன்னு கேட்டாலே பாதி பிரச்னை தீரும்.

டயக்னோசிஸ் வந்த மறுநாளும் தண்ணி கொட்டத்தான் செய்யும். ஆனா, 'எனக்கு அக்கறை இல்ல'ன்னு உங்களை நீங்களே திட்டிக்க மாட்டீங்க. துணியை எடுத்துத் துடைச்சுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீங்க.