திருமுக்கூடல் ஆதுலசாலையும் அதன் பதினைந்து படுக்கைகளும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த பென்னலூரையும் அதைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளையும் பற்றி எழுதுவோர், வரலாற்றைப் பெரும்பாலும் தொழிற்பேட்டைகள் எழுந்த 1990களிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் அறக்கொடையால் நடந்த மருத்துவத்தின் வரலாற்றைத் தேடுவோருக்கு இவ்வட்டாரம் மிகப் பழைய சான்றொன்றை வைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே ஒரகடம் சென்று, அங்கிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே திரும்பிப் பாலாற்றைக் கடந்தால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068ஆம் ஆண்டில், பொறிக்கப்பட்ட மிக நீண்ட கல்வெட்டு, கோயிலின் சனநாத மண்டபத்தை ஒட்டி நடந்த ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகிய மூன்றின் ஆண்டுச் செலவையும் நெல்லும் காசுமாகக் கணக்கிட்டுச் சொல்கிறது.

மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. ஆதுலர் என்னும் சொல் நோயாளரையும் வறியவரையும் ஒருசேரக் குறிப்பது. அவர்களைப் பேணும் இடம் ஆதுலசாலை. பதினைந்து படுக்கைகள் கொண்ட இச்சாலையில் கிடந்த ஒவ்வொரு நோயாளிக்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி ஒதுக்கப்பட்டது. மருத்துவராக இருந்தவர் ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வழங்கப்பட்டன. அறுவை மருத்துவம் செய்பவர், அதாவது சல்லியக்கிரியை பண்ணுபவர், பெற்றது 30 கலம் மட்டுமே. மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர் இருவருக்கு 60 கலமும் 2 காசும், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும், நாவிதருக்கு 15 கலமும் குறிக்கப்பட்டுள்ளன. 12 குறுணி ஒரு கலம், 8 நாழி ஒரு குறுணி என்னும் அளவையின்படி, ஆண்டுக்கு 360 நாளாகக் கணக்கிட்டால், மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணியும், அறுவை செய்பவருக்கு ஒரு குறுணியும், பேணும் பெண் ஒருத்திக்கு நான்கு நாழியும் கிடைத்தன. கத்தி எடுப்பவரின் நெற்கூலி, நாடி பார்ப்பவரின் நெற்கூலியில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது என்பது அக்கால மருத்துவத்தில் எதற்கு மதிப்பிருந்தது என்பதை வேறெந்த விளக்கமுமின்றிக் காட்டிவிடுகிறது. இரவும் பகலும் நோயாளியின் அருகே இருந்த பெண்ணும் நாவிதரும் நெல்லளவில் ஒரே தட்டில் வைக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கது.

ஓராண்டுக்கு இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதையும் கல்வெட்டு பெயர் சொல்லி அடுக்குகிறது. அரீதகி எனப்படும் கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை பல: ஆடாதொடை சேர்ந்த வாசா அரீதகி, பசுவின் சிறுநீரில் பக்குவப்படுத்திய கோமூத்திர அரீதகி, பத்து வேர்கள் சேர்ந்த தசமூல அரீதகி. இவற்றுடன் பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம், வில்வம் சேர்த்துக் காய்ச்சிய நெய், சோகை நோய்க்குரிய, இரும்புக் கிட்டத்தால் செய்த வடகம் ஆகியவையும் உண்டு. குடிநீரில் இடுவதற்கு ஏலமும் இலாமிச்சை வேரும், இரவில் எரிய விளக்குக்கு எண்ணெயும்கூட மறக்கப்படவில்லை. மன்னர்களின் போர்ப் புகழைக் கூறும் மெய்க்கீர்த்திகளைவிட இந்தக் கணக்குப் பட்டியலே சோழர் ஆட்சியின் திறத்தை நம்பத்தக்க வகையில் காட்டுகிறது என்பது மிகையாகாது.

எனினும் இந்தச் சாலையை ஏழை எளிய ஊர்மக்களுக்கான இலவச மருத்துவமனை என்று எழுதிவிடுவது, கல்வெட்டு சொல்லாததைச் சொல்வதாகும். படுக்கைகள் யாருக்கென்றால், விடுதியில் தங்கி வேதமும் இலக்கணமும் பாஞ்சராத்திர ஆகமமும் பயின்ற மாணவர்களுக்கும், கோயிற் பணியாளர்க்கும் என்பதே அதன் போக்கு. அங்கு உணவு பெற்ற கல்விச்சாலையார் அறுபது பேர். அவர்கள் சனிக்கிழமைகளில் தேய்த்துக்கொள்ள எண்ணெய் தருவதும் கணக்கில் ஏறியிருக்கிறது. நெல் விளைவித்த உழவர் நோயுற்றால் என்ன செய்வார் என்பது ஏறவில்லை. இத்தனைக்கும் இச்செலவைத் தாங்கியது வயலைக்காவூர் என்னும் ஊரிலிருந்து கோயிலுக்கு வந்த வருவாய். அறத்தின் பயன் முதலில் அறநிலையத்தைச் சேர்ந்தவருக்கே என்னும் இந்த ஒழுங்கு திருமுக்கூடலுக்கு மட்டும் உரியதன்று. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவனுடைய அத்தை குந்தவை தஞ்சாவூரில் அமைத்த சுந்தரசோழ விண்ணகர ஆதுலசாலையிலும், மருத்துவருக்குத் தலைமுறை உரிமையாக மருத்துவக்காணி என்னும் நிலம் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவரின் பெயரும் சவர்ணன் என்றே தொடங்குவது, தொழில் குடும்பவழியில் நிலைபெற்றிருந்ததைக் குறிப்பதாகலாம்.

இந்த ஒழுங்கு மாறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இலிருந்து மோட்டார் வண்டியில் மருந்துப் பெட்டியுடன் குடியாத்தம் சாலையில் சென்று, மரத்தடிகளில் நோயாளரைப் பார்த்தபோதுதான், மருத்துவம் நிலையத்தை விட்டு ஊரைத் தேடிச் செல்லும் வழக்கம் பாலாற்றுப் பகுதியில் வேரூன்றியது. அடுத்த பெரிய திருப்பம் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் சென்னையில் தொடங்கிய தன்னார்வ நலப்பணி நிறுவனத்தால் வந்தது. அது பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் சிறு நலவாழ்வு மையங்களை நிறுவி, பகுதிநேர மருத்துவரோடு ஊரிலேயே வாழும் முதலுதவியாளரையும் அமர்த்தியது. குடும்பத்தின் வருவாய்க்கேற்ப ஆண்டுச் சந்தாவும் வாங்கியது. முழு இலவசத்தை வலியுறுத்தியோர் இதைக் குறைகூறியிருக்கலாம். ஆயினும், தன் பங்கைச் செலுத்திய ஊரார் மையத்தைக் கேள்வி கேட்கும் உரிமையையும் பெற்றனர். ஆதுலசாலைக்கு வருவாய் ஈட்டித்தந்த வயலைக்காவூராருக்கு அந்த உரிமை எழுத்தில் இருந்ததில்லை.

பென்னலூரைச் சூழ்ந்த ஆலைகளில் இன்று நடைமுறையிலுள்ள தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய, தொழிலாளியும் முதலாளியும் பங்களித்து நடத்தும் மருத்துவத் திட்டம், அறக்கொடையன்று, உரிமை. ஆயினும் அதற்கும் வாயில் உண்டு. 2017இல் அதன் மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்றானது. ஊதியம் வரம்புக்குக் கீழே இருந்தும், ஒப்பந்தக்காரர் பதிவு செய்யாமல் விட்ட கூலியாளும், ஆலை மதிலுக்கு வெளியே எஞ்சிய வயலில் நாற்று நடும் பெண்ணும் அதற்குள் வருவதில்லை. அவர்கள் செல்வது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு.