நீரிணையின் அடித்தளத்தை அளப்பது எப்படி? அந்தமான் கடலடி வாழிடக் கணக்கெடுப்பு: ஒரு விளக்கம்

ஷாதிபூர் (அந்தமான்): கடலுக்கு அடியில் பவளப்பாறை எங்கே உள்ளது, கடற்புல் எங்கே வளர்கிறது, வெறும் மணலும் சேறும் எங்கே படிந்துள்ளன, அவற்றில் எவ்வகை உயிரினங்கள் எந்த அளவில் வாழ்கின்றன என்பதை இடவாரியாகப் பதிவு செய்யும் பணியே கடலடி வாழிடக் கணக்கெடுப்பு. நிலநடுக்கம், கடல் வெப்ப உயர்வு, துறைமுகப் பணி என எதனால் மாற்றம் நேர்ந்தாலும், இழப்பு எவ்வளவு என்பதை மதிப்பிட முன்பே எடுக்கப்பட்ட கணக்கு தேவை. அது இல்லாத இடத்தில் இழப்பு நேர்ந்ததா என்பதே விவாதப் பொருளாகிவிடும்.

மேக்பெர்சன் நீரிணை

அந்தமான் நிகோபார் தலைநகரான ஸ்ரீ விஜயபுரம் 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டது. ஷாதிபூர் இந்நகரின் ஒரு பகுதி. நகருக்குத் தெற்கே, தெற்கு அந்தமான் தீவின் முனையில் உள்ள சிடியாடாப்பு பகுதிக்கு அப்பால், ரட்லாண்ட் தீவைப் பிரித்து ஓடுவது மேக்பெர்சன் நீரிணை. அதன் மேற்குப் பக்கத்தில் உள்ள தீவுக் கூட்டத்தை உள்ளடக்கி, வண்டூரைத் தலைவாயிலாகக் கொண்டு, மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. இதன் பரப்பளவு 281.5 சதுர கிலோமீட்டர். கண்ணாடி அடித்தளப் படகுகளில் பவளப்பாறைகளைக் காணப் பயணிகள் செல்லும் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகள் இப்பூங்காவைச் சேர்ந்தவை.

ஓதமே முதல் சவால்

இரு நிலப்பகுதிகளுக்கு இடையே குறுகிச் செல்லும் நீரிணையில், கடல்மட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீர் வேகமாகப் பாய்கிறது. இந்த ஓட்டமே அடித்தளத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. வேகம் மிகுந்த இடத்தில் மண் தங்காது. வெறும் பாறை எஞ்சும். அதில் பவளங்களும் கடற்பஞ்சுகளும் பற்றி வளரும். வேகம் குறைந்த ஓரங்களில் மணலும் வண்டலும் படியும். அங்கு கடற்புல் வேரூன்றும். புழுக்களும் சிப்பிகளும் மண்ணுக்குள் வாழும். எனவே சில நூறு மீட்டர் இடைவெளியிலேயே முற்றிலும் வேறுபட்ட உயிர்ச் சமூகங்கள் அமையக்கூடும்.

அந்தமானில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி இந்த ஏற்ற இறக்கம் சுமார் 2 மீட்டரை எட்டும். அட்டமி நாட்களையொட்டி அது குறையும். ஆகவே நீரோட்டம் தணிந்திருக்கும் நாட்களையும், நீர் திசைமாறும் முன் சிறிது நேரம் ஓய்ந்திருக்கும் வேளையையும் கணித்தே முக்குளிப்பவர்கள் நீரில் இறங்குகின்றனர்.

ஆழத்தை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே இடத்தை ஏற்றத்தின்போது அளந்தால் 6 மீட்டரும், வற்றத்தின்போது அளந்தால் 4 மீட்டரும் காட்டக்கூடும். ஓதமானியின் பதிவைக் கொண்டு எல்லா அளவுகளையும் ஒரே ஆதார மட்டத்துக்குத் திருத்திய பிறகே வரைபடம் தயாரிக்க முடியும்.

கணக்கெடுப்பின் படிநிலைகள்

முதலில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆழமற்ற பகுதிகள் பிரித்தறியப்படுகின்றன. கலங்கிய நீரிலும் ஆழத்திலும் இந்தப் படங்கள் பயன்தராது. அங்கு படகில் பொருத்திய ஒலி அலைக் கருவிகள் ஆழத்தையும், அடித்தளம் கடினமானதா மென்மையானதா என்பதையும் காட்டுகின்றன.

கருவி காட்டும் மேடு பவளப்பாறையா, வெறும் கல்லா என்பதை நேரில் கண்டே உறுதி செய்ய வேண்டும். பரந்த பகுதியை விரைந்து பார்க்க, படகின் பின்னே கயிற்றில் கட்டிய பலகையைப் பிடித்தபடி ஆய்வாளர் நீரில் இழுத்துச் செல்லப்படுகிறார். துல்லியமான கணக்குக்கு, அடித்தளத்தின் மீது அளவு நாடா விரிக்கப்பட்டு, அதன் கீழ் வரும் ஒவ்வொன்றின் நீளமும் குறிக்கப்படுகிறது. 20 மீட்டர் நாடாவில் 7 மீட்டர் உயிருள்ள பவளம் இருந்தால், அங்கு உயிர்ப்பவளப் பரப்பு 35 சதவீதம். நாடாவின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் வரும் மீன்கள் இனவாரியாக எண்ணப்படுகின்றன. மணற்பரப்பில் இயந்திரக் கவ்வியால் மண்ணை அள்ளி, சல்லடையில் சலித்து, அதில் உள்ள சிற்றுயிர்கள் பிரிக்கப்படுகின்றன.

மனிதர் இறங்க முடியாத ஆழத்துக்குத் தொலை இயக்க வாகனங்கள் அனுப்பப்படுகின்றன. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய, 500 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடிய ‘ப்ரோவ்’ வாகனம் அந்தமான் பவளப்பாறைகளைப் படம்பிடிக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது.

இரு பேரிடர்கள்

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமான் தீவுகளின் நிலமட்டமே மாறியது. வடக்கு அந்தமானின் சில பகுதிகளில் கடலடி மேலெழுந்ததால், பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. தெற்கு அந்தமானிலோ நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்த சிப்பிகாட் பகுதியின் வயல்களில் கடல்நீர் புகுந்தது. ஆழம், ஒளி, மண்படிவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் மாறியதால், அதற்கு முந்தைய வரைபடங்களைப் புதுப்பிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

2010-ஆம் ஆண்டு கோடையில் கடல்நீர் வெப்பம் உயர்ந்து, அந்தமானில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெப்பம் மிகும்போது பவளம் தன் திசுவில் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றுகிறது; நிறத்தோடு உணவின் பெரும்பகுதியையும் இழக்கிறது. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் அது மீளக்கூடும். எனவே வெளுத்தவை, இறந்தவை எனத் தனித்தனியே குறிப்பதும், சில மாதங்களுக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் அளப்பதும் கட்டாயமாகின்றன. உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு நிகழ்ந்து வருவது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நிலையில், இத்தகைய தொடர் பதிவுகளின் தேவை மேலும் கூடியுள்ளது.

முடிவுகளைத் தீர்மானிக்கும் எண்கள்

பாறை அமைக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆகவே கடலோரத் திட்டங்களில் கணக்கெடுப்பு எண்கள் நீதிமன்ற விவாதம் வரை செல்கின்றன. கிரேட் நிகோபார் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. அத்திட்டப் பகுதியில் எண்ணப்பட்ட 20,668 பவளத் தொகுதிகளில் 16,150 தொகுதிகளை வேறிடத்துக்கு மாற்றத் திட்டமிடப்பட்டது. எஞ்சிய 4,518 தொகுதிகளுக்கு உள்ள அச்சுறுத்தல் குறித்துத் தெளிவில்லை என்பதை 2023-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுட்டிக்காட்டியது. கணக்கு இருந்ததாலேயே அந்தக் கேள்வி எழுந்தது.

தமிழகக் கடலிலும் இதன் பயன் தெரிகிறது. கடற்புல்லை உண்டு வாழும் கடற்பசு அந்தமான் நிகோபாரின் மாநில விலங்கு. பாக் நீரிணைப் பகுதி மீனவர்கள் அதை ஆவுளியா என்பர். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. கடற்புல் படுகைகள் எங்கெங்கு உள்ளன என்பது தெரிந்தால்தான் இத்தகைய காப்பகத்துக்கு எல்லை வகுக்க முடியும்.

ஒருமுறை எடுக்கும் கணக்கு இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் அளந்தால்தான் மாற்றம் புலப்படும். பல ஆய்வுகளில் கடலடியில் நிலையான கம்பிகள் நட்டு இடம் அடையாளப்படுத்தப்படுவதும், தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய அமைதியான மாதங்கள் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதன் பொருட்டே.