கம்மின்ஸ் 6பிடி எஞ்சின்: அடையாளமும் திறன் கூட்டலும்

கம்மின்ஸ் 6பிடி, அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த டர்போ டீசல் எஞ்சின். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்தது, கொள்ளளவு 5.9 லிட்டர். சிலிண்டர் விட்டம் 102 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 120 மி.மீ. பண்ணை, கட்டுமான இயந்திரங்கள், ஜெனரேட்டர், படகு எனப் பல இடங்களில் உழைத்தாலும், 1989இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் ஏறிய பிறகே பெரும் பெயர் பெற்றது. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்த 6பிடி இந்திய லாரிகளிலும் ஓடியது.

டாட்ஜில் வந்தபோது இதன் திறன் 160 குதிரைத்திறன். 1996இல் மேனுவல் கியர் வண்டிகளுக்கு அது 215 ஆனது. கொள்ளளவு மாறவில்லை, பெருமளவு மாறியது டீசல் ஊட்டமும் காற்று ஊட்டமும்தான். ஆகவே பழைய 6பிடியைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பம்ப்பை.

அடையாளம் காணல்

ஹெட்டின் மேல் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு சிறு மூடிகள் இருந்தால் அது 12 வால்வு எஞ்சின். ஒரே நீண்ட மூடி இருந்தால் 1998இன் நடுவில் டாட்ஜுக்கு வந்த 24 வால்வு எஞ்சின். அதன் பம்ப் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவதால் கீழே சொல்லும் பம்ப் வேலைகள் அதற்குப் பொருந்தா. 24 வால்வில் சில பிளாக்குகளின் பக்கவாட்டில் 53 என்ற எண் புடைத்திருக்கும். தண்ணீர் ஓடும் பகுதியின் சுவர் மெல்லியதாகி விரிசல் விடுவதால் கெட்ட பெயர் வாங்கிய வார்ப்பு இது. வாங்காமல் விடுவதே நல்லது.

டாட்ஜின் 12 வால்விலும் பம்ப் இரண்டு வகை. 1993 வரை பாஷ் விஇ: கைக்கடக்கமான ரோட்டரி பம்ப், ஒரே பிளஞ்சர், ஆறு குழாய்களும் அதன் பின்பக்கத்தில் வட்டமாகக் கிளம்பும். 1994 முதல் பாஷ் பி7100: ஆறு பிளஞ்சர்கள், சொந்தக் கேம் ஷாஃப்ட், மேலே வரிசையாக ஆறு குழாய்கள். முன்னதற்கு டீசலே மசகு. பின்னதற்கு எஞ்சின் ஆயில் போகும். சந்தேகம் வந்தால் முன்பக்க கியர் ஹவுசிங்கில் உள்ள தகட்டைத் துடைத்துப் பாருங்கள். அதிலுள்ள சிபிஎல் எண், அந்த எஞ்சின் எந்தப் பம்ப், டர்போ, இன்ஜெக்டரோடு ஆலையை விட்டு வந்தது என்று சொல்லிவிடும். இடையில் யாரோ மாற்றியிருந்தால் தகடு பொய்யாகும். கண்ணால் ஒப்பிடுவது அவசியம்.

திறன் கூட்டும் முன்

இழந்த திறனை மீட்பதே முதல் வேலை. ஃபில்டர், லிஃப்ட் பம்ப், பி7100இன் ஓவர்ஃப்ளோ வால்வு ஆகியவை சோர்ந்திருந்தால் எதை முடுக்கினாலும் பயனில்லை. டேப்பெட் இடைவெளி இன்டேக்கில் 0.25 மி.மீ., எக்ஸாஸ்டில் 0.51 மி.மீ. இருக்க வேண்டும்.

டைமிங் கவருக்குப் பின்னால் ஒரு சிறு எஃகு ஊசி உண்டு. அதைப் பிடித்து வைக்க எதுவும் கிடையாது. அதிர்வில் மெல்ல நகர்ந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் கியர் ஹவுசிங்கே உடையும். கவரைக் கழற்றி, பக்கத்து போல்ட்டின் அடியில் ஒரு தகட்டுத் துண்டை வைத்து ஊசியை மறைத்துவிட்டால் தீர்ந்தது. முழு எஞ்சினைக் காப்பாற்றும் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது அறியாமை.

டீசலும் காற்றும்

பி7100இல் டீசலின் உச்ச அளவை நிர்ணயிப்பது கவர்னருக்குள் உள்ள ஒரு சிறு தகடு. இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் அதை முன்னால் நகர்த்தினாலே திறன் ஏறும். டர்போ காற்று சேரும் வரை டீசலை அடக்கிவைக்கும் டயஃப்ரம் அமைப்பில் பல்சக்கரம் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் இழுவை சீக்கிரம் வரும், கரும்புகையும் கூடவே வரும். கடினமான கவர்னர் ஸ்பிரிங் போட்டால் சுழற்சி 3,000ஐ எட்டும். அதற்கும் மேலே போக வால்வு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். விஇ பம்ப்பிலும் ஸ்க்ரூ, டயஃப்ரம் ஊசி, ஸ்பிரிங் ஆகியவற்றால் நல்ல முன்னேற்றம் கிடைக்கும், ஆனால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். பி7100ஐ விஇ எஞ்சினில் பொருத்தலாம். கியர் ஹவுசிங், குழாய்கள் எல்லாம் மாறும் என்பதால் செலவு சிறியதல்ல.

டீசலைக் கூட்டிக் காற்றைக் கூட்டாவிட்டால் எக்ஸாஸ்ட் வெப்பம் எகிறி அலுமினிய பிஸ்டன் சேதமாகும். டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்தி, நீடித்த பாரத்தில் சுமார் 675 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். 1991இன் நடுவுக்கு முந்தைய டாட்ஜ் எஞ்சினில் இன்டர்கூலர் இல்லை. அதைச் சேர்ப்பதே அங்கு முதல் காற்று வேலை.

எஞ்சின் தாங்கும், கியர்பாக்ஸ் தாங்காது. 215 குதிரைத்திறனை மேனுவலுக்குத் தந்த நிறுவனம் ஆட்டோமேட்டிக்குக்கு 180 மட்டுமே தந்தது. அளவு மீறினால் மேனுவலில் கிளட்ச் வழுக்கும். டர்போ அழுத்தம் ஏறியபின் ஹெட் கேஸ்கெட்டும் ஊதும்.

சாலை வாகனத்தின் மாசுக் கட்டுப்பாட்டைக் குலைப்பதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில், பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது.