ஆறு நிமிஷம் நடங்க, பார்க்கலாம்

இன்னைக்கு ஒரு நடை டெஸ்ட்டோட வரலாறு.

என் தாத்தாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். "பேசாம உக்காருங்க தாத்தா"ன்னு வீட்ல எல்லாரும் சொல்வோம். ஒரு காலத்துல டாக்டர்களும் ஓய்வெடுக்கத்தான் சொன்னாங்க. ஆனா உக்காந்தே இருந்தா கால் தசை பலவீனமாகும். பலவீனமான கால் இன்னும் அதிகமா மூச்சு கேட்கும். 1950-களிலேயே அமெரிக்க மருத்துவர் ஆல்வன் பராக், இவங்களை நடக்க வைக்கணும்னு சொன்னார்.

சரி, எவ்வளவு நடக்கலாம்? அதுக்கு ஒரு அளவுகோல் வேணுமே!

அது வந்தது ராணுவத்திலிருந்து. 1968-ல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிஷத்துல எவ்வளவு தூரம் ஓட முடியும்னு பார்த்து உடல்திறனை மதிப்பிட்டார். 1976-ல் பிரிட்டனில் மெக்கேவின் குழு ஓட்டத்தை நடையாக்கி, மூச்சுக்குழாய் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்தது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு வராண்டா போதும். நடுவுல நின்னு இளைப்பாறலாம். 12 நிமிஷம் நோயாளிகளுக்கு ரொம்ப களைப்பு. 1982-ல் பட்லேண்ட் குழு ஆறு நிமிஷமே போதும்னு காட்டியது.

எனக்குப் பிடிச்ச திருப்பம் 1984. கனடாவில் கயாட் குழு கவனிச்சது: பக்கத்துல ஒருத்தர் உற்சாகப்படுத்தினா, நோயாளிகள் சுமார் 30 மீட்டர் கூடுதலா நடக்கிறாங்க! அதனாலதான் டெஸ்ட் எடுக்கிறவர் என்ன பேசணும்னு இப்போ விதியே இருக்கு.

அவரவர் வேகத்துல நடந்தா ஒப்பிடுறது கஷ்டம் இல்லையா? 1992-ல் பிரிட்டனின் லெஸ்டரில் சாலி சிங் குழு, கேசட்ல 'பீப்' ஒலியைப் பதிவு பண்ணி, 10 மீட்டர் தூரத்தை அந்த ஒலிக்கு ஏத்தபடி நடக்க வைத்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் கூடும்.

இப்போ தாத்தா கதைக்கு வர்றேன். ஆறு நிமிஷத்துல அவர் நடந்தது 240 மீட்டர். நிமிஷத்துக்கு 40. பயிற்சிக்கு அதுல 80 சதவீதம், அதாவது 32. "முதல்ல பத்து நிமிஷம்"னார் பிசியோதெரபிஸ்ட், ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துட்டு. மொத்தம் 320 மீட்டர்.

எங்க தெருமுனை டீக்கடைக்குப் போயிட்டு வர்ற தூரம் அது. இப்பல்லாம் யாரும் தாத்தாவை உக்காரச் சொல்றதில்லை.