கொழுந்துக்குக் கட்டிய ஜன்னல்கள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைப் பக்கமோ எல்கடுவைப் பக்கமோ பஸ்ஸில் போனால், ஏதாவது ஒரு வளைவில் தேயிலை ஸ்டோர் ஒன்று தெரியும். மூன்று நான்கு மாடி, தகரச் சுவர், வரிசை வரிசையாக ஜன்னல். சின்ன வயசில் அந்த ஜன்னல்களை எண்ணப் பார்ப்போம். எண்ணி முடிக்கிறதுக்குள்ள பஸ் திரும்பிடும். உள்ளே நூற்றுக்கணக்கான ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்றாங்க என்றுதான் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அந்த மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கு.

அலுவலகத்தை எப்படிக் கட்டினால் அதில் இருப்பவர்கள் திருப்தியாக இருப்பார்கள் என்று இன்றைக்கு நிறையப் பேசுகிறார்கள். காற்று, வெளிச்சம், சத்தம், நாற்காலி. ஒரு கட்டடத்தை அதற்குள் இருக்கப்போவதன் சௌகரியம் பார்த்துக் கட்டுவது தோட்டத்துக்குப் பழைய விஷயம். யாருடைய சௌகரியம் என்பதுதான் கேள்வி.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பகுதி மெதுவாக, ஒரே சீராக வற்றினால்தான் ரோலரில் போட்டு உருட்ட முடியும். அவசரப்பட்டால் தேயிலை கெட்டுப் போகும். அதனால் மேல்மாடிகளில் சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாகக் கட்டி, கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி, அரை நாளுக்கு மேல் விட்டுவைத்தார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். வெயில் நேரே படக் கூடாது. மழைக்காலத்தில் கீழே இருக்கும் அடுப்பின் சூட்டை விசிறி வைத்து மேலே இழுத்துக் கொடுத்தார்கள். குளிருக்குக் கொழுந்துக்குச் சூடு! அதே மழையில், கொழுந்து பறித்தவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு மலையில் நின்றார்கள்.

வேலை முடிந்து அவர்கள் திரும்பிய லயக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. பல லயங்களில் காம்பராக்கள் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், அங்கே ஜன்னல் வைக்க இடமே கிடையாது. அடுப்புப் புகை போக வழியில்லாமல் கூரை கறுத்துப் போயிருக்கும். ஸ்டோரைக் கட்டியவர்களுக்குக் காற்றைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தோட்டத்து ஆபீஸ் இன்னொரு கதை. உள்ளே துரைக்குத் தனி அறை, கிளாக்கர் ஐயாமாருக்கு மேசை, நாற்காலி, பேரேடு. தொழிலாளிக்கு அந்த ஆபீஸ் என்றால் ஒரு ஜன்னல். பேர் வெட்டினார்களா, லீவு உண்டா, கடன் கிடைக்குமா என்று கேட்கிறவர் வெளியே நின்று, தலையைக் கொஞ்சம் குனிந்து கேட்கணும். கட்டடமே மரியாதை கற்றுக்கொடுக்கிறது. மலைக்கோ கட்டடமே இல்லை. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கக்கூஸ், உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் என்ற கோரிக்கை இன்னும் பல இடங்களில் கோரிக்கையாகவே இருக்கிறது.

மனுஷருக்கும் இப்படி யோசித்துக் கட்டலாம் என்று காட்டியவர்கள் நாட்டில் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்திலேயே, தம்புள்ளை அருகே கண்டலம ஹோட்டலை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா, 1970களில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு ஒரு மாடிக் கட்டடம் வரைந்தார். குமாஸ்தாக்கள் இருக்கும் இடத்துக்கு இயற்கைக் காற்றே வரவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஸ்டோர் மாடியின் அதே சங்கதி. இந்த முறை மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக.

பிறகு, அடியிலிருந்து விசிறி காற்றடிக்கும் நீளத் தொட்டிகள் வந்தன. பல ஸ்டோர்களில் மேல்மாடிகள் தேவையில்லாமல் போயின. நுவரெலியா பக்கம் கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்தின் பழைய ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கண்டலம ஹோட்டலை நடத்தும் எய்ட்கன் ஸ்பென்ஸ்தான் அதையும் நடத்தியது. கொழுந்து வாடிய மாடிகளில் இப்போது விருந்தாளிகள் தூங்குகிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் தேயிலை மலை நன்றாகத் தெரியுமாம்.