காலுக்குத் தெரியாத ஆணி

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினேன். வாசற்படியில் ரத்தம். செருப்பைத் திருப்பிப் பார்த்தால், சுவரில் வரைபடம் மாட்டுகிற சிறிய ஆணி ஒன்று அடியைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறேன். ஐந்து பீரியட் நின்றபடி வரலாற்றுப் பாடம் நடத்தியிருக்கிறேன். சுருக்கென்று ஒருமுறைகூடத் தைக்கவில்லை.

அப்போது எனக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். இரவில் பாதம் எரியும். பகலில் மதமதவென்று பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கும். எரிகிற கால் எப்படி மரத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே நரம்புக் கேட்டின் இரண்டு முகங்கள் என்று டாக்டர் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். பத்து இடத்தில் மூன்றுதான் எனக்குத் தெரிந்தது. சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'எம்.சி.ஆர். செருப்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு வேலூரில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். தைக்கிற அண்ணன் பழுப்புத்தாளை விரித்து, என்னை அதன் மேல் நிற்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். உட்கார்ந்தபடி அளந்தால் கால் சுருங்கிக் காட்டும், பாரம் ஏறி நிற்கும்போதுதான் அதன் உண்மையான அகலம் தெரியும் என்றார். சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும்போது அளப்பது நல்லது என்றும் சொன்னார். கோடு போட்டு முடித்ததும் கேட்டார்: "இந்தச் செருப்பு மொதல்ல யாருக்காக வந்துச்சு தெரியுமா டீச்சரம்மா? எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு."

அவருடைய அப்பா தொழுநோயாளி. சிகிச்சைக்குப் போன மருத்துவமனையிலேயே செருப்புத் தைக்கக் கற்றவர். முப்பது வருஷம் இந்த மாவட்டத்தில் வரலாறு நடத்திய எனக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

இந்தச் செருப்பின் பின்னால் இருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறுவருஷம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் தலைமை மருத்துவர். மடங்கிப்போன விரல்களையும் குறைந்துபோன பாதங்களையும் பார்த்த பிராண்டுக்கு ஒரு கேள்வி எழுந்தது: இந்தச் சதை ஏன் அழிகிறது?

தொழுநோய் சதையை அழுக வைக்கிறது என்றுதான் அன்று ஊரும் நம்பியது, மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் சட்டமும் நின்றது. 1898-ல் வந்த தொழுநோயாளிகள் சட்டம், ஏழை நோயாளிகளைப் பிடித்து விடுதியில் அடைக்க வழிசெய்தது. அது முற்றாக நீக்கப்பட்டது 2016-ல்தான்.

பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் புண்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். புண் வரக் காரணம் நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் இருந்தது. சூடான பாத்திரம், முள், இறுக்கிய செருப்பு வார், இடைவிடாத நடை. வலி தெரிகிற நாம், ஒரு மைல் நடந்ததும் நம்மை அறியாமலே காலை மாற்றி ஊன்றுகிறோம். கொப்புளம் வருமுன் நொண்டுகிறோம். வலி தெரியாதவர் அதே இடத்தில் அதே பாரத்தோடு ஆயிரக்கணக்கான எட்டுகள் வைப்பார். உள்ளே சதை நசுங்கிக் கன்றிப் பிறகு புண்ணாகத் திறக்கும். அந்தச் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறக்கூடியது. இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930-களிலேயே உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றியிருந்தார். பிராண்டும் அந்த முறையைக் கையாண்டார். கட்டுக்குள் பாரம் பாதம் முழுக்கப் பரவியது. வருஷக்கணக்கான புண்கள் ஆறின.

கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் அதே புண்ணோடு திரும்பி வந்தார்கள். வெறுங்காலோடோ சாதாரணச் செருப்போடோ நடந்திருப்பார்கள். மருத்துவருக்கு இனி வேண்டியது செருப்பு. மரம், தோல், பிளாஸ்டிக் என்று பலவற்றை முயன்று பார்த்து, கடைசியில் நுண்ணறை ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். ரப்பர் வேகும்போது உள்ளே வாயு உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத மூடிய அறைகளாக அடைபட்டு நிற்கும். அதனால் பாரம் ஏறினால் அமுங்கும், எடுத்தால் எழும், தண்ணீரைக் குடிக்காது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் இது சுமார் 15 இருக்க வேண்டும். பட்டறை அண்ணனிடம் கருவி எதுவும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அட்டையை வைத்து அழுத்துவார். பாதி கனத்துக்கு அமுங்கினால் எடுத்துக்கொள்வார். "கல்லு மாதிரி இருந்தா வேணாம், அமுங்கினது எழும்பலைன்னாலும் வேணாம்" என்பார்.

மெத்தை மட்டும் இருந்தால் முள் ஏறிவிடும். ஆகவே கீழே கெட்டியான அடி, ஆரம்பத்தில் பெரும்பாலும் டயர் ரப்பர். ஆணி ஒன்றுகூடக் கூடாது, பசையும் தையலும்தான். என் ஆணியை நினைத்துக்கொண்டேன். பெருவிரல் வளையம் இல்லை, ஏனென்றால் மரத்துப்போன விரல் வளையத்தைப் பிடித்து நடக்காது. குதிகாலைத் தாங்கும் பின்பட்டை உண்டு. வீங்கினால் தளர்த்தவும் வற்றினால் இறுக்கவும் மேல்வார் உண்டு. ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவருடைய புண்ணிலிருந்து எழுதப்பட்டது.

1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. செருப்பு அங்கே மருந்துக்குச் சமமாக நடத்தப்பட்டது. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கேயும் தொழுநோயாளிகள். அதோடு, சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கும் இதே பாடம் பொருந்துவது அங்கே தெளிவாயிற்று. என் உள்ளங்காலைத் தொட்ட நைலான் நூலுக்கும் அந்த ஊரோடு உறவு உண்டு. 10 கிராம் அழுத்தம் தெரியாத பாதம் ஆபத்தில் இருக்கிறது என்ற அளவுகோலை 1986-ல் வெளியிட்டவர்கள் கார்வில் ஆய்வாளர்கள். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் பிற்பாடு சர்க்கரை நோயாளிகளுக்கென்று காலணிகளை வடிவமைத்தது.

இந்தச் செருப்புக்கு ஒரு துயரமும் இருந்தது. கறுப்பு மெத்தை, அகல வார் என்ற அந்த வடிவத்தைத் தெருவில் கண்டதும் ஊர் அடையாளம் கண்டுகொண்டது. "கல்யாண வீட்டு வாசல்ல எங்கப்பா செருப்பை விட்டா பக்கத்துல இருக்கிற செருப்பெல்லாம் நகந்துடும்" என்றார் அண்ணன். அதனால் அவர் அப்பா விசேஷங்களுக்கு வெறுங்காலோடு போனார், புண்ணோடு திரும்பினார். காலைக் காக்கிற செருப்பு, எல்லோருடைய செருப்பையும் போலத் தோற்றமளிக்கவும் வேண்டும் என்பதை அண்ணன் இந்த இழப்பிலிருந்தே கற்றார். எனக்குப் பழுப்புத் தோல் வார் வைத்து, உள்ளே மென்தோல் கொடுத்துத் தைத்தார். பள்ளிக்கும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் அதையே போட்டுப் போனேன். வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி. முதல் நாள் அரைமணி நேரம்தான், கழற்றிச் சிவப்பு இருக்கிறதா பார், மறுநாள் ஒரு மணி நேரம் என்று பழக்கச் சொன்னார். தினமும் இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கால் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும்.

சர்க்கரைக்காரர்களை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. எங்களுக்குப் பந்தியில் இடம் உண்டு, பஸ்ஸில் இடம் உண்டு. எங்கள் கால்களைக் காக்கிற அறிவை, அந்த இடமெல்லாம் மறுக்கப்பட்டவர்கள்தான் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தக் கடனைப் பாடப்புத்தகம் சொல்லாவிட்டாலும் நான் என் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் ஓய்வுபெற்றேன்.

போன மாதம் புது ஜோடிக்கு அளவு கொடுக்கப் போனேன். அண்ணன் பழைய தாள்கட்டை அவிழ்த்து என் படத்தைத் தேடினார். அடியில் ஓரம் பொடிந்த ஒரு தாள். அதில் ஒரு பாதம். முன்பக்கம் குட்டை, விரல் மூன்றுதான். "அப்பாவோடது" என்றார். அதன்மேலே இருந்த என் படத்தை எடுத்து, புதுத்தாளை விரித்து, "நில்லுங்க டீச்சரம்மா" என்றார்.